வெறும் மேலோடு

— பெல்ட்டு கெடைச்சிடுச்சுங்க.

— எந்த பெல்ட்டு?

— உங்க கம்பெனி பெல்ட்டுதான். லோடு தூக்கறப்ப இடுப்புல இறுக்கிக் கட்டுவீங்களே, அது. தா பாருங்க, கொடியில காயுது.

— அடப்பாவமே! எங்கிட்டு கெடந்துச்சு? இதுக்காக அந்த சின்னராஜு கூட கட்டிப் பொரளாத கொறையா சண்ட போட்டிருக்கேன் சுஜாதா. என் லாக்கர்ல இருந்து நீதான்டா ஆட்டையப் போட்டேன்னு அத்தன பேரு முன்னாடி வைஞ்சுபுட்டேன். சூப்பர்வைசர் வரைக்கும் போயிருச்சு. சின்னராஜு இன்னைக்கு வரைக்கும் என் மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல.

— லாக்கர்ல எங்க இருந்துச்சு? வேர்வை நாத்தம் தாங்கலன்னு நீங்கதான் தொவைக்கக் கொண்டாந்தீங்க. கொண்டாந்ததை மறந்துட்டு பாவம் அந்த மனுசனத் திட்டினு இருந்திருக்கீங்க.

— ஷிப்டு மாத்தி மாத்திப் பாத்தா சொந்தப் பேரே மறந்து போகுது, பெல்ட்டு மறக்காதா? நாளைக்கு அவன்ட்ட போயி தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும்.

— எனக்கு ஒண்ணு புரியல. ஸ்டோர்ல கேட்டா வேற பெல்ட்டு குடுத்திருப்பாங்க. அதுக்குப் போயி இத்தினி ரகளை எதுக்குப் பண்ணீங்க?

— அது எனக்குப் பழகுன பெல்ட்டு. புதுசு வெரப்பா நிக்கும். அத விடு, எங்க இருந்துச்சு? பீரோவுக்குப் பின்னாடியா?

— மொதல்ல உக்காருங்க. களி ஆறுது. கீரை கடைஞ்சு வச்சிருக்கேன்.

— இங்கேரு, நீ என்ன இந்நேரத்துக்கு வீட்டுல இருக்க? இந்த வாரம் உனக்கு ரெண்டாவது ஷிப்டுல்ல? கம்பெனி பஸ்ஸ விட்டுட்டியா?

— லீவு போட்டேன்.

— லீவா? சனிக்கெழம ஊருக்குக் கெளம்பணும். அதுக்கே லீவு குடுக்க மாட்டேங்கறாய்ங்கன்னு மூக்கால அழுத. இன்னைக்கு என்னத்துக்கு ஒரு லீவ வீணாக்குன?

— ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. பிரதாப் பிரேயர்ல மயங்கி வுழுந்துட்டான்.

— என்ன சொல்ற! எங்க அவன்? பெத்த புள்ள மயங்கி விழுந்திருக்கான், நீ கீரையப் பத்திப் பேசிக்கிட்டிருக்கிற!

— கத்தாதீங்க. லைன் வீடு, சுவத்துக்கு அந்தாண்ட எல்லாம் கேக்கும். இப்ப நல்லாத்தான் இருக்கான். ராகி அரைக்க மில்லுக்குப் போயிருக்கான்.

— மயங்கி விழுந்தவன மில்லுக்கா அனுப்புன?

— நான் எங்க அனுப்பினேன்? அவனே பையைத் தூக்கினு போனான். நீங்க வர்ற நேரத்துல வீட்டுல இருக்கறதுக்கு அவனுக்குப் புடிக்கல.

— என்னத்துக்கு? நான் என்ன அவனக் கடிச்சா திங்கப் போறேன்?

— போன மாசம் ஸ்வெட்டருக்காக அறைஞ்சீங்களே, அதுக்கப்பறம் உங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டானா அவன்? நெனைச்சுப் பாருங்க.

— பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது, இவன் கழுத்து வரைக்கும் ஸ்வெட்டரு மாட்டிக்கிட்டுத் திரியுறான். சிகரெட்டு கிகரெட்டு உள்ள ஒளிச்சு வச்சிருக்கானோன்னு நெனச்சேன். எந்த அப்பனும் அப்பிடித்தான் நெனப்பான்.

— நானும் போன் வச்சிருக்கான்னுதான் நெனைச்சேன். ரெண்டு பேரும் சேந்து நல்லாத்தான் புள்ளை வளக்கறோம். தா பாருங்க, இன்னிக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல பெஞ்சு மேல படுக்க வச்சிருந்தாங்க அவனை. மூச்சு விட முடியல. காத்து படட்டும்னு பி.டி. சாரு பட்டனைக் கழட்டப் போனா, கையைத் தட்டி வுட்டுட்டு அழுவறான். எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு நான் கழட்டினேன். மேல ஸ்வெட்டரு. அதுக்குள்ள சட்டை. அதுக்குள்ள ரெண்டு பனியனு. அதுக்குள்ள உங்க பெல்ட்டு.

— இடுப்புலயா?

— நெஞ்சுல.

— நெஞ்சுலயா? அத எதுக்கு நெஞ்சுல கட்டுறான்?

— மூட்டை தூக்கற ஆளுங்க இடுப்புக்குச் செஞ்ச பெல்ட்டு. அதை அந்தக் குச்சி ஒடம்புல சுத்தி, இழுக்கற வரைக்கும் இழுத்து ஒட்டியிருக்கான். பிரிச்சா தோலு உரிஞ்சு கெடக்குது. வேர்க்குரு வெடிச்சு ரத்தமா இருக்குது. எத்தினி நாளா கட்டினு இருந்தானோ. நான் பெத்த புள்ளைங்க. ஒரே ரூம்ல படுத்துகினு எனக்குத் தெரியல.

— எதுக்குன்னு கேக்கறேன்ல?

— நெஞ்சு வீங்கியிருக்குதுங்க. ரெண்டு பக்கமும். உள்ளாற ஒரு ரூவாக் காசாட்டம் கட்டி. தொட்டா வலிக்குதாம்.

— ம்.

— ஏங்க? ஏன் களியை வச்சிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. கட்டின்னா... வேற ஏதாச்சும் பெரிய நோயி...

— அதே பயந்தான் எனக்கும். ஆட்டோ புடிச்சு நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிட்டேன். சீட்டு வாங்கி, லைன்ல நின்னு, கால் ரெண்டும் வுட்டுப் போச்சு. டாக்டரு சின்ன வயசுதான். அவனைத் திரைக்கு அந்தாண்ட கூட்டினு போயி ஒடம்பு பூரா பரிசோதிச்சுப் பாத்தாரு. வெளிய வந்து சிரிக்கிறாரு.

— சிரிக்கிறாரா?

— கிண்டலா இல்லீங்க. "இதுக்கா இவ்ளோ பயந்தே? உன் கிளாஸ்ல பாதிப் பசங்களுக்கு இருக்கும்டா, எவனும் வெளிய சொல்ல மாட்டான்"னாரு. ஆம்பளைக்கு ஒரு ஹார்மோனு பொம்பளைக்கு ஒரு ஹார்மோனுன்னு நாம நெனைச்சுகினு இருக்கோம். ரெண்டும் எல்லார் ஒடம்புலயும் இருக்குதாம். மீசை மொளைக்கற வயசுல அது ஏறி எறங்கி ஆடறப்ப பசங்களுக்கு இப்பிடி வீங்குமாம். சில பேருக்கு ஒரு பக்கம், சில பேருக்கு ரெண்டு பக்கம். ஒரு வருசம், மிஞ்சிப் போனா ரெண்டு வருசம். அநேகமா எல்லாருக்கும் தானா வத்திடுமாம். மருந்து வேணாம், தைலம் வேணாம்.

— எல்லாம் அந்த பிராய்லர் கோழிதான். ஊசி போட்டு ஊதி விடுறாய்ங்க. நான் அப்பவே சொன்னேன்.

— நானும் அதைத்தான் கேட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னுட்டாரு. பிராய்லர் கோழி வர்றதுக்கு முன்னாடியும் இருந்திருக்குமில்ல இது?

— யாருக்கு?

— பொதுவாச் சொன்னேன்.

— ம். வேற என்ன சொன்னாரு?

— அழுத்தக் கூடாது, பிதுக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவே கூடாது. மளமளன்னு பெருசானாலோ, தண்ணியாட்டம் ஏதாச்சும் கசிஞ்சாலோ ஒடனே வரணும். இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டினாப் போதும். அவ்ளோதான்.

— அவ்ளோதானே? அப்பறம் என்ன. வத்திரும்னு டாக்டரே சொல்லிட்டாரு. சரி, புண்ணுக்கு ஏதாச்சும் தடவு. ஞாயித்துக்கெழம ஊர்ல சாமிக்குக் கொடம் எடுக்கறதுக்குள்ள ஆறிரும்.

— அவன் எடுக்க மாட்டாங்க.

— என்னது?

— தீர்த்தக் கொடம் அவன் எடுக்க மாட்டான். ஆட்டோல வர்றப்ப அது ஒண்ணுதான் கேட்டான். "வேற எது சொன்னாலும் செய்யறேம்மா, கொடம் மட்டும் வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு"ன்னு என் முந்தானையைப் புடிச்சுகினு அழுதான். இந்த வருசம் வேணாங்க. வத்தட்டும். ரெண்டு வருசம் கழிச்சு எடுக்கட்டும்.

— நீ என்ன வெவரம் புரியாமப் பேசுற? எங்க வகையறாவுல ஆம்பளப் பய ஒவ்வொருத்தனும் மீசை அரும்புன வருசம் கொடம் எடுக்கணும். எங்கண்ணன் மகன் எடுத்தான். தம்பி மகன் போன வருசம் எடுத்தான். எங்க பெரியப்பாரு சின்ன வயசுலயே மிலிட்டரிக்குப் போயிட்டாருன்னு விட்டாய்ங்களா? ரிட்டயராகி வந்து நரைச்ச மீசையோட எடுத்தாரு. எங்க குடும்பத்துலதான் ஒரு கொடம் பாக்கி கெடக்குன்னு வருசா வருசம் பங்காளிக பந்தியில வச்சு சொல்லிக் காட்டுறாய்ங்க. சோறு எறங்குமா மனுசனுக்கு? டிக்கெட்டு போட்டாச்சு. பூசாரிட்ட சொல்லியாச்சு. இப்ப வந்து வேணாம்னா?

— கிணத்துல முங்கிட்டு, ஈர வேட்டியோட, வெறும் மேலோட, மேளம் அடிச்சுகினு ஊரு பூரா நடக்கணும். ரெண்டு கையும் கொடத்தைப் புடிச்சினு இருக்கும். ஒரு துண்டால மறைக்கக் கூட முடியாது. அந்தப் புள்ளையால முடியுமா?

— மறைக்கறதுக்கு என்ன இருக்கு? ஆம்பளப் பய. சட்டையக் கழட்டுறதுக்கு அவன் என்ன பொட்டப்புள்ளயா? வெக்கப்பட்டுக்கிட்டே இருந்தா எப்பத்தான் ஆளாகுறது?

— நீங்க சொல்றீங்க இதை.

— ஆமா, நான்தான் சொல்றேன்.

— சரி. சொல்லுங்க.

— என்ன சரி? ஏன் அப்பிடிப் பாக்குற?

— அந்த பாக்கிக் கொடம் யாருதுங்க?

— என்ன கேக்குற?

— எங்க வூட்டுல ஒரு கொடம் பாக்கி, பாக்கின்னு சொல்றீங்களே. பிரதாப்புக்கு இப்பதான் மீசை அரும்புது. இத்தினி வருசமா சொல்லிக் காட்டறாங்கன்னா அது யாரோட பாக்கி?

— எனக்கு அந்த வருசம் காய்ச்சலு.

— உங்க பெரியக்கா சொல்லியிருக்காங்க. காய்ச்சல்னு போர்வையைச் சுத்திகினு படுத்துட்டீங்க. அடுத்த வருசம் பரிட்சைன்னுட்டீங்க. அதுக்கடுத்த வருசம் ஐ.டி.ஐ. முடிச்ச கையோட ஓசூருக்கு வண்டி ஏறிட்டீங்க.

— அந்தக்கா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காது. இப்ப அந்தப் பேச்சு என்னத்துக்கு? நான் எடுக்கல, அதனாலதான் என் மகன் எடுக்கணும்கறேன்.

— அவன் டாக்டர்கிட்ட என்னென்ன கேட்டான் தெரியுங்களா உங்களுக்கு?

— அவன் வாயத் தொறந்து பேசுனானா?

— மொதல்ல தலையைக் குனிஞ்சுகினு இருந்தான். டாக்டரு, "கேளுடா, இங்க கேக்காம எங்க கேப்பே"ன்னாரு. அப்பறம் கொட்டறான். பாடம் படிக்கறப்ப குரலு ஏன் சார் நடுவுல கீச்சுன்னு போவுது, என் கிளாஸ் ஸ்டீவுக்கு மீசை நல்லா வந்துடுச்சு எனக்கு ஏன் வெறும் நெழலாட்டம் இருக்குது, என் கூடப் படிக்கறவன் எல்லாம் ஒசந்துட்டான் எனக்கு இனிமே ஒயரம் வருமா, மூஞ்சில பரு வந்தா ஒடம்பு கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா. அவரும் ஒண்ணொண்ணுக்கா பதில் சொல்றாரு. குரலு அப்பிடித்தான் ஒடைஞ்சு ஒடைஞ்சு ஒக்காரும், ஒரு ஒரு பையனுக்கு ஒரு ஒரு நேரத்துல வரும், ஒயரத்துக்கு இன்னும் வருசம் இருக்குது, நீ ரயிலை வுடல, ரயிலே இன்னும் வரலைன்னாரு. சிரிச்சிட்டான் புள்ளை. அவன் சிரிச்சு எத்தினி மாசமாச்சு.

— இம்புட்டும் மனசுல வச்சிருந்திருக்கான். என்ட்ட ஒரு வார்த்த கேக்கலையே.

— உங்ககிட்ட எப்பிடிங்க கேப்பான்? நைட்டு ஷிப்டுன்னா பகல் பூரா தூக்கம். பகல் ஷிப்டுன்னா வந்ததும் இடுப்பு வலி, முதுகு வலி. நானும் அப்பிடித்தான். நின்னுகினே வேலை பாத்துட்டு வந்து வுழறேன். யாரும் யாரையும் பாக்கறதில்லை இந்த வூட்டுல. சோத்தை மூடி வச்சிட்டுப் போறோம், அவ்ளோதான்.

— சரி, இன்னும் என்ன கேட்டான்?

— களியை முழுங்கிட்டுக் கேளுங்க.

— சொல்லு சுஜாதா.

— எல்லாம் முடிஞ்சு எழுந்துட்டோம். நான் கதவைத் தொறந்துட்டேன். இவன் மட்டும் திரும்பி நின்னு, "ரெண்டு வருசத்துல போயிடும்னு சொல்றீங்களே சார், எங்கப்பாவுக்கு ஏன் போவல?"ன்னு கேட்டான். ஏங்க, ஏன் தட்டைத் தள்ளி வச்சிட்டீங்க? தண்ணி குடிங்க. கோவமா?

— அவனுக்கு எப்பிடித் தெரியும்?

— ஒரே ரூமுங்க இது. கரண்டு போயி வெந்துகினு இருக்கற அன்னிக்கும் நீங்க பனியனைக் கழட்ட மாட்டீங்க. குளிக்கறது கூட பனியனோடதான். நனைஞ்ச பனியன்ல தெரியாதா? பெல்ட்டை ஏன்டா எடுத்தேன்னு கேட்டேன். "சில நாளு அப்பா லோடு எறக்கி முடிச்சப்பறமும் அவுக்க மாட்டாரும்மா. இடுப்புல இருக்கறதை மேல தூக்கி நெஞ்சுல கட்டினுதான் வண்டி ஓட்டினு வருவாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியும்"னான். உங்களைப் பாத்துதான் கத்துகினு இருக்கான்.

— உனக்கு...

— கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்.

— ஒரு வார்த்த கேக்கலையே நீ.

— நீங்க சொல்லல, நான் கேக்கல. எனக்கு அதுல என்ன கொறைஞ்சு போச்சு? நான் உங்களைத்தான கட்டிகினேன், உங்க பனியனையா?

— எனக்கு நீச்சல் தெரியாது சுஜாதா.

— என்னங்க?

— எங்க ஊர்ல அத்தன கெணறு. எங்கண்ணன், தம்பி, ஊர்ப்பய பூராம் கரணம் போட்டுக் குதிப்பாய்ங்க. நான் மேல உக்காந்து அவிங்க சட்டையக் காவல் காப்பேன். ஒரு நாளு பிடிச்சுச் சட்டையக் கழட்டிப் பாத்துப்புட்டு ஒரு பேரு வச்சாய்ங்க. அந்தப் பேர நான் உன்ட்ட சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். அந்தப் பேருக்குப் பயந்துதான் கொடம் எடுக்கல. அந்தப் பேருக்குப் பயந்துதான் இம்புட்டு தூரம் வந்தேன். வேல கெடைக்கும்னு வந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன். மருதயில இல்லாத வேலையா?

— அழுவாதீங்க.

— அழுகல. அலுப்பா இருக்கு. மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சுத்தா. மூட்ட தூக்குறது கூட அம்புட்டு வலிக்கல. அப்ப ஒரே ஒரு ஆளு, எங்கப்பன் கூட வேணாம், ரோட்டுல போற எவனாச்சும் ஒருத்தன், "எனக்கும் இருக்குடா, அதனால என்ன இப்போ"ன்னு சொல்லியிருந்தா நான் நீச்சல் கத்துக்கிட்டிருப்பேன்.

— டாக்டரு உங்களையும் ஒரு நாளு வரச் சொன்னாரு. ஒரு சில பேருக்கு வத்தாம நின்னுடுமாம். வேணும்னா சின்ன ஆபரேஷன் இருக்குதாம். ஆனா பெரியவங்கன்னா ஒரு தடவை பாத்துடணும்னாரு. போலாமா?

— பாக்கலாம். பாவம், அவன் என்ட்ட அறை வாங்குன அன்னைக்கும் ஸ்வெட்டருக்குள்ள பெல்ட்டு கட்டியிருந்திருப்பான்ல?

— இருந்திருக்கும்.

— ம்.

— எங்க எழுந்துட்டீங்க? பாதி களி அப்பிடியே இருக்குது.

— குளிச்சிட்டு வந்து திங்கிறேன்.

— பாத்ரூம்ல பக்கத்து வூட்டு கரியப்பண்ணன் சம்சாரம் துணி தொவைக்கறாங்க.

— கொழாயடியில குளிச்சுக்கறேன். துண்டக் குடு.

— கொழாயடியிலயா? தண்ணி வுடற நேரம், லைன் மொத்தமும் கொடத்தை வச்சினு நிக்குது. ஏங்க... ஏங்க, இது என்ன, பனியனைக் கழட்டி என் கையில குடுக்கறீங்க?

— தொவைச்சுப் போடு.

— கதவை நான் தொறக்கட்டுமா?

— வேணாம். நானே தொறந்துக்கறேன்.

— பாத்துங்க, படியில பாசி.

— அம்மா, மாவு அரைச்சாச்சு... அப்பா? என்னப்பா, எல்லாரும் நிக்கறாங்க, நீங்க பனியன் இல்லாம கொழாயடியில உக்காந்துனு இருக்கீங்க?

— வாடா பிரதாப்பு. புழுக்கமா இருக்கு. மாவ அம்மாட்ட குடுத்துட்டு வந்து முதுகு தேய்ச்சு விடு. ஞாயித்துக்கெழம தீர்த்தம் எடுக்கணும்ல, ஒடம்புல அழுக்கு இருக்கக் கூடாது.

— அப்பா, நான் எடுக்க மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். ப்ளீஸ்ப்பா.

— நீ இல்லடா. நானு.